சூரியனில் கறை கண்டது நீங்கள்தான்

பிரியமுள்ள துளசிமணி நங்கைக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிட இப்போது வீட்டில் எனக்கு ஆள் இல்லை. இந்தக் கடிதத்தை உங்களுக்கு எழுதி, அறிவியல் மன்றத்து இதழுக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் முன்னால் செய்த தப்பை நாலு பேர் படிக்கத்தானே ஒப்புக்கொள்ள வேண்டும்?

மன்றத்தில் தொலைநோக்கி செய்யச் சொல்லித் தந்ததும் வீட்டில் ஒன்று செய்தோமே. துணி சுற்றி வந்த அட்டைக் குழாய் நீங்கள் கொண்டுவந்தது. முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடை லென்ஸ். பின்னால், துணியில் இழை எண்ணுவதற்கு உங்கள் பனியன் கம்பெனியில் வைத்திருக்கும் சின்னப் பூதக்கண்ணாடி. பிடி உடைந்ததென்று கழித்ததைக் கேட்டு வாங்கி வந்தீர்கள்.

சூரியனைக் குழாய் வழியே கண்ணால் பார்க்கக் கூடாது. அதனால் வெள்ளை பனியன் துணியை ஓர் அட்டையில் இழுத்துக் கட்டிப் பின்னால் பிடித்தோம். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், காலை வெயிலில், உள்ளங்கை அகலத்துக்குச் சூரியன் துணியில் வந்து விழுந்தது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு.

"துணி கறைங்க நங்கை. வேற மாத்தோணும்" என்றேன்.

பத்து வருடம் செக்கிங் மேசையில் நின்று எண்ணெய்க் கறையும் ஓட்டையும் தேடிய கண் உங்களுடையது. துணியை மெல்ல நகர்த்தினீர்கள். பொட்டு நகரவில்லை.

"துணில இருந்தா துணியோட வரோணுமல்ல?"

"அப்ப கண்ணாடில தூசுங்க."

பூதக்கண்ணாடியைத் திருகினீர்கள். பொட்டு சுற்றவில்லை.

"தூசுமில்ல அம்மிணி. சரக்கே இப்படித்தான் வந்திருக்குது. உங்க சூரியன் செகண்ட்ஸுதான், எக்ஸ்போர்ட்டுக்கு ஆவாது."

நான் சிரிக்கவில்லை. பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம். நம் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். "தெரியாம எதையாச்சும் சொல்லாதீங்க" என்றேன். நீங்கள் தினமும் கம்பெனி வேன் வருவதற்குள், பொட்டு விழுந்த இடத்தைப் பென்சிலால் துணியில் வட்டமிட்டு வந்தீர்கள். பத்துப் பதினோரு நாளில் அது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்திருந்தது.

அதற்குள் நான் நூலகத்தில் படித்துவிட்டேன். அது சூரியப் புள்ளி. சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் நகர்கிறது. வீட்டுக்கு வந்து, நீங்கள் சொன்னது சரி என்று சொன்னேனா? இல்லை. உங்களுக்கே பாடம் எடுத்தேன். "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டீர்கள்.

மன்றக் கூட்டத்துக்குக் குழாயைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் என்னோடு வந்தீர்கள். வேலையிலிருந்து நேராக வந்ததால் முடியெல்லாம் பஞ்சு. துணியை நீங்கள் விரித்துப் பிடிக்க, நான் பேசினேன். மன்றத்தை நடத்தும் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வட்டங்களைப் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"இது தூசு இல்லைன்னு எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

துணியை நகர்த்தியதையும் கண்ணாடியைத் திருகியதையும் அப்படியே சொன்னேன். 'நான்' என்று சொன்னேன்.

"ரொம்ப நல்லாருக்கு. இவங்க யாரு?"

"பக்கத்து ஊட்டுக்காரங்க சார். துணைக்கு வந்தாங்க."

"ஆமாங்க, சும்மா துணைக்குத்தானுங்க" என்றீர்கள், துணியை இறக்காமல்.

திரும்பும்போது கண்டக்டர் வந்து நின்றார். நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பக்கத்து ஊட்டுக்காரிக்கும் சேத்து டிக்கெட் எடு அம்மிணி" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீங்கள் எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாமே நங்கை? ஒரு தடவை திட்டியிருந்தால் நானும் அழுது தீர்த்திருப்பேன். மஞ்சள் காமாலையில் நீங்கள் கடைசியாகப் படுத்திருந்தபோது மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சி கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

உங்கள் வேலையை நினைத்து அன்றைக்குக் கூச்சப்பட்டேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. படித்த நான் தூசு என்று தள்ளியதை நீங்கள் இரண்டே அசைவில் பிரித்துக் காட்டிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதல் கூச்சத்தை யாரிடமும் சொல்லிவிடலாம். இரண்டாவதைச் சொல்ல நாக்கு கூசுகிறது.

இப்போது ஒரு சேதி. மன்றத்துப் பழைய குறிப்புகளைச் சேர்த்துச் சின்னப் புத்தகம் போடுகிறார்கள். திருத்திக் கொடுக்கச் சொல்லி அச்சுத் தாள் என்னிடம் வந்தது. சூரியப் புள்ளிக் குறிப்புக்குக் கீழே 'வி. வசந்தி' என்றிருந்தது. அதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுதினேன். நேற்று பேராசிரியர் கூப்பிட்டுக் கேட்டார்.

"துளசிமணிங்கறது யாரும்மா? மன்றத்துல அப்படி ஒருத்தரும் இல்லையே?"

"எங்க நங்கைங்க சார். அன்னிக்குத் துணி புடிச்சிட்டு நின்னவங்க. அவங்கதான் பார்த்தாங்க. நான் தூசுன்னு சொன்னேனுங்க."

அவர், "இதை வெளியீட்டன்னிக்கு நீயே சொல்லிடு" என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, அதே கூடம். அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் இது தெரியாது. கூட்டத்தில் எழுந்தால் எனக்குக் குரல் நடுங்கும் என்று உங்களுக்குத் தெரியும். நடுங்கினாலும், நீங்கள் பார்த்ததையும் நான் திருடியதையும் இதே வரிசையில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

உங்கள் நாத்தனார்,
வசந்தி