அடுத்தவர் கூரை

யூலை 14, செவ்வாய்

இன்று லிட்கமில் ஒரு அன்ரியின் வீட்டுக் கூரையில் சோலர் பனல் பூட்டினோம். வேலை முடிந்ததும் பிளேன்ரீ தந்தார். இந்த மாதம் கரண்ட் விலை மறுபடியும் ஏறிவிட்டதே என்று நான்தான் பேச்சை எடுத்தேன்.

“கரண்டுக்கு மட்டுமோ காசு, தம்பி? கம்பமும் வயரும் பராமரிக்கிற செலவும் பில்லிலதான் வருது. அதுக்கு அரசாங்கமே அனுமதி குடுத்திருக்கு. பனல் போட்ட ஆக்கள் வயரில இருந்து கரண்ட் குறைய எடுக்கிறதால பில்லும் குறையக் கட்டுவினம். மிச்சச் செலவு போடாத ஆக்களின்ர தலையில. அதுதான் நான் போட்டனான். உங்கட வீட்டிலயும் போட்டிருப்பீங்கள்தானே?”

“ஓம் அன்ரி,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மெரிலேண்ட்ஸில் நாங்கள் இருப்பது வாடகை வீடு. கூரையைத் தொட வீட்டுக்காரர் விடமாட்டார். இந்தத் தற்காலிக விசாவை வைத்துக்கொண்டு சொந்த வீட்டுக்குக் கடன் கேட்கவும் வழியில்லை. இந்த நாட்டில் யூலை குளிர்காலம்; ஆனாலும் பில்லுக்குப் பயந்து ஹீட்டர் போடுவதில்லை. மகள் ஜக்கெட்டோடு தூங்குகிறாள். ஆறு வருடமாக அடுத்தவர் கூரைகளில் ஏறி இறங்குகிறேன். நான் பூட்டுகிற ஒவ்வொரு பனலும் என் பில்லில்தான் வந்து விழுகிறதா?

புறப்படும்போது அன்ரியின் பக்கத்து வீட்டுக்காரர் வேலியருகே வந்து கூப்பிட்டார். அவருக்கும் பனல் வேண்டுமாம். அளவெடுக்க நாளைக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.