ரேஷன் கார்டின் நீல ஓரம்

ஏட்டி,

இன்று காலை ரேஷன் கடைக்கார அண்ணன் என் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஓரமெல்லாம் நீலமாக் கெடக்கு? பேரப்புள்ளைட்ட வெளையாடக் கொடுத்தியளோ?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. என் மகனுக்கு இன்னும் பெண்ணே அமையவில்லை என்பது ஊருக்கே தெரியும் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தது. வழக்கமாக இருந்தால் பதிலுக்கு நானும் ஒன்று விட்டிருப்பேன். இன்றைக்குக் கார்டை வாங்கி அந்த நீலத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

அது உன் பேனா மை.

இரண்டு மாதமாக எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருந்தது. அடுப்பை அணைத்தேனா, வாசலைப் பூட்டினேனா என்று நடுவழியில் நின்று நின்று யோசிப்பேன். வயசாகிறது, மூளை கழன்றுவிட்டது என்று இவர் சொன்னார், நானும் நம்பினேன். மறந்தது என்னவென்று இன்று கடை வாசலில் தெரிந்தது. ஆகஸ்ட் பதினைந்து கிராமசபையில் நான் கோடு போடவில்லை.

நம் ஊர் கிராமசபை வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்லத்தான் போகிறேன். முதலில் நோட்டு சுற்றி வரும். தாளின் அடியில் எல்லோரும் கையெழுத்து வைப்போம். கையெழுத்து முடிந்தால்தான் போண்டாத் தட்டு வரும். மேலே எழுத வேண்டிய தீர்மானங்களை ஊராட்சிச் செயலர் பிறகு சாவகாசமாக எழுதிக்கொள்வார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோரும் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள், ஆகவே யாரும் எதையும் வாசிப்பதில்லை. போண்டா ஆறிவிடுமே என்கிற கவலை ஒன்றுதான்.

நீ வார்டு உறுப்பினராகி உட்கார்ந்த முதல் கூட்டத்தில்தான் அது நின்றது. "மொதல்ல எழுதுங்க, வாசிங்க, பொறவு நாங்க போடுதோம்" என்றாய். போண்டா ஆறிப்போனதில் ஊரே உன்னை வைதது. நானும்தான் வைதேன், ரகசியமாக. தீர்மானம் எழுதி முடித்த இடத்துக்கும் கையெழுத்து வைக்கும் இடத்துக்கும் நடுவில் நாலு விரல் வெற்றிடம் இருந்தது. நீ என் பக்கம் கையை நீட்டினாய்.

"ஏட்டி, ஒன் ரேஷன் கார்டை எடு."

"எதுக்குட்டி?"

"கோடு போட."

"ஒன் கார்டுக்கு என்ன கேடு?"

"எங் கார்டு அழுக்காயிரும்லா."

அந்த வெற்றிடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட்டு, தலைவர் அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னாய்: "வெறுந்தாள்ல கையெழுத்துப் போடுதது, வீட்டத் தொறந்து போட்டுட்டு குத்தாலத்துக்குக் குளிக்கப் போன மாதிரி அண்ணாச்சி." அவரும் சிரித்தார். அன்று முதல் மகளிர் குழு நோட்டோ ஊராட்சி நோட்டோ, கோடு விழாமல் நம் குழுவில் ஒரு கை நகராது. என் கார்டின் ஓரம் மட்டும் வருடா வருடம் நீலமாகிக்கொண்டே வந்தது.

அதற்கெல்லாம் பல வருடம் முன்னால் அந்த ஐப்பசி. மலையில் பெய்த மழை ஓடையில் இறங்க இடமில்லாமல் ஓடைத்தெருவுக்குள் திரும்பியது. ஓடையில் இடமிருந்தால்தானே? பாதியில் கருவேலம், மீதியில் நாம் கொட்டிய குப்பை. உன் வீட்டு கிரைண்டர் நடு அறையில் மிதந்தது. நீ மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டில் மேல் நின்றாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்து, "கிரைண்டர் போகுது, பிடிட்டி!" என்று கத்தினேன். ஒரு ஆபத்தில் நான் செய்த ஒரே உதவி அது.

தண்ணீர் வடிந்ததும் பதினாலு பெண்களைத் திரட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாய். "யூனியன்ல கேட்டுருக்கேம்மா, வரட்டும்" என்றார் அண்ணாச்சி. "நீங்க பொக்லைன் மட்டும் கொண்டாங்க, கரைய நாங்க கட்டுதோம்" என்றாய். எனக்குத் தலை சுற்றியது. ஆனால் பொக்லைன் வந்தது. அண்ணாச்சியே வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். ஞாயிறுதோறும் நாம் மண் சுமந்தோம், கரை நெடுக வெட்டிவேர் நட்டோம். நான் இரண்டு தடவை சேற்றில் விழுந்தேன். மூன்று தடவை என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். மறுவருடம் அதே மழை வந்தது. விடிய விடிய ஓடையோரம் நின்று பார்த்தோம். தண்ணீர் தெருப்பக்கம் திரும்பாமல் குளத்துக்குப் போயிற்று. ஊராட்சி தனியாகவும் செய்திருக்க முடியாது, நாம் தனியாகவும் செய்திருக்க முடியாது என்று நீ சொன்னது அன்றைக்குத்தான்.

போன தையில் நீ போய்விட்டாய். நெஞ்சு வலிக்கிறது என்று தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறியவள், திரும்பி வரவேயில்லை. குழுத் தலைவி யார் என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்டில் செயலர் தம்பி நோட்டை என் முன்னால் வைத்து, "யக்கா, வெரசாப் போடுங்க, யூனியனுக்குக் கொண்டு போணும்" என்றார். தாளில் பாதி வெற்றிடம். எனக்கு ஏதோ உறுத்தியது. அதற்குள் போண்டா மணம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் நடந்தது. நான் போட்டேன். நான் போட்டதால் மற்றப் பெண்களும் போட்டார்கள். உன்னை நம்பிய மாதிரி என்னையும் நம்பிவிட்டார்கள்.

இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம், குற்றாலம் வருகிறவர்களுக்கு ஒரு தங்கும் விடுதி எழும்புகிறது. போன வாரம் ஓடைக்கரையில் சிவப்புத் துணி கட்டிய கம்புகள் ஊன்றினார்கள். நேற்று இரண்டு சிமெண்டுக் குழாய்களும் மண்லோடும் ஓடைக்குள்ளேயே வந்து இறங்கின, இப்போதே தண்ணீர் போக இடம் பாதிதான். குழாய்க்குள் என் தலை நுழையும், தோள் நுழையாது. அந்த ஓடையை அதற்குள் விட்டு, மேலே மண்ணைக் கொட்டிப் பாதை போடப் போகிறார்களாம். யார் அனுமதி கொடுத்தது என்று பால்காரரிடம் கேட்டேன். "கிராமசபையில தீர்மானம் போட்டாச்சாமே" என்றார். வழக்கமான ஊர்ப்பேச்சு என்று, நானே ஊர்ப்பேச்சில் பாதியை உற்பத்தி செய்கிறவள் என்பதால், காதில் வாங்காமல் விட்டேன்.

ரேஷன் கடையிலிருந்து நேரே அலுவலகத்துக்குப் போனேன். அரிசிப் பை கடையிலேயே கிடக்கிறது. செயலர் தம்பியிடம் நோட்டைக் கேட்டேன்.

"எதுக்குக்கா?"

"எங் கையெழுத்து அழகா இருக்கான்னு பாக்கணும்."

சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பக்கத்தைத் திருப்பினேன். மேல் பாதி ஒரு மையில், கீழ்ப் பாதி வேறு மையில். "ஓடையின் குறுக்கே குழாய் பதித்துப் பாதை அமைக்கப் பொதுமக்களுக்கு ஆட்சேபணை இல்லை." அதற்கு அடியில் முதல் கையெழுத்து என்னுடையது. அழகாகத்தான் இருந்தது, சுழியெல்லாம் போட்டு. ரேஷன் கடையில் கைரேகையை நாலு தடவை வைத்தால்தான் மிஷின் என்னை ஒத்துக்கொள்ளும். கையெழுத்தை மட்டும் இந்த நோட்டு ஒரே தடவையில் ஒத்துக்கொண்டுவிட்டது.

"தம்பி, இத வாசிக்கலியே?"

அவர் சிரிப்பு போய்விட்டது. "எழுதச் சொன்னாங்க, எழுதுனேன்க்கா. எதா இருந்தாலும் திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுங்க. நாஞ் சொன்னேன்னு சொல்லிராதிய." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவரும் பயந்திருந்தார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் பயமாகத்தான் இருந்தது. வெளியே வந்தால் குற்றாலத்து மலையின் தலை தெரியவில்லை. மேகம் கருத்து இறங்கிக் கிடந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

வாசிக்காமல் போட்டோம் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் உன் வீட்டுக்குள் தண்ணீர் வரும். கட்டிலில் நின்ற உன் மகள் இப்போது அதே வீட்டில் மூன்று மாதக் குழந்தையோடு இருக்கிறாள். இரண்டையும் எடை போட்டுப் பார்க்க எனக்குத் தெரு முனை வரை நடை தேவைப்பட்டது. உனக்கு ஒரு நொடி போதும்.

மத்தியானம் எல்லோரையும் உன் வீட்டில் கூட்டினேன். நடந்ததைச் சொன்னேன், போண்டா உட்பட. டெய்லர் கடைக்காரி, "நீ ஓடையப் போண்டாவுக்கு வித்தியே, எங்களயும் சேத்துல்லா வித்துட்ட" என்றாள். சிரிப்பு வந்தது, என் கண்ணில் தண்ணீரும் வந்தது. மனு எழுதினோம். எழுதியதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தோம். பேனாவை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை.

"கோடு போடுக்கா மொதல்ல" என்றாள் டெய்லர்காரி.

கார்டை எடுத்தேன். கார்டு வழுக்கி, கோடு நடுவில் ஒரு இடத்தில் நெளிந்துவிட்டது. நீ பார்த்திருந்தால், "ஓடையே இத விட நேராப் போவும்" என்றிருப்பாய்.

ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். கடைசியாக உன் மகள், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டே. பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டாள்: "சித்தி, திங்கக்கிழமைக்குள்ள மழ வந்துராதுல்லா?"

உனக்குத் தெரியும், எந்தக் கேள்விக்கும் என்னிடம் ஒரு நக்கல் தயாராக இருக்கும். அவள் முகத்தைப் பார்த்தேன். கிரைண்டரைத் தூக்கிப் பரண் மேல் வைப்போம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேருமாகப் பிடித்து ஏற்றினோம்.

இதை உன் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். திங்கட்கிழமை வரை இங்கேதான் இருக்கப் போகிறேன். மனு என் பைக்குள் இருக்கிறது, அதன் மேல் கார்டு. வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் ஓடையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.