உன் இருபத்துநாலாம் திகதி

என் ஆசைச் சந்திரா அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீ பார்க்க ஆசைப்பட்ட பேரப்பிள்ளை வந்துவிட்டாள். பெண். என் மகள் ஆர்த்தியும் சுகம், பிள்ளையும் சுகம். நெற்றி அப்படியே எங்கள் அப்பாவுடையது. குரல் யாருடையது என்றுதான் தெரியவில்லை. பாமன்கடையில் அவள் அழுதால் வெள்ளவத்தையில் எனக்குக் கேட்கிறது.

பிறந்தது யூலை இருபத்தொன்றில். ஏன் உன் நாளில் இல்லை என்று நீ கேட்டிருப்பாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சத்திர சிகிச்சை செய்துதான் பிள்ளையை எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இருபத்தொன்று அல்லது இருபத்துநாலு, எது வசதி என்று கேட்டார். ஆர்த்தி வாய் நிறையச் சிரித்தாள்.

"இருபத்துநாலு, டொக்டர். அண்டைக்கு என்ட பெரியம்மாட பிறந்தநாள்."

நான் குறுக்கே விழுந்தேன். "அண்டைக்கு ஆடி அமாவாசை. வேண்டாம்."

"அமாவாசையிலை பிறந்தா என்ன அம்மா?"

"பெரியாக்கள் சொன்னாக் கேக்க வேணும்."

பல்லி சொன்னதைக் கேட்டு யாராவது திடுக்கிட்டால்கூடச் சிரிக்கிறவள் நான். என்னிடமிருந்து இப்படியொரு பேச்சு வந்ததில் ஆர்த்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சரி என்றாள். டொக்டரும் இருபத்தொன்று என்று எழுதிக்கொண்டார். எனக்கு அமாவாசையில் ஒரு பயமும் இல்லை, அக்கா. உன் நாளில்தான் பயம். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. அதற்குப் பிறகும் உன் நாளை வாசலில் வைத்தே திருப்பி அனுப்பிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒரு தரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். சந்திரனுக்குப் போனவர்கள் திரும்பி வந்து கடலில் இறங்கிய நாளில் நீ பிறந்தாய். அப்பாவுக்குப் பெயர் தேடுகிற வேலையே இருக்கவில்லை. வருடா வருடம் கேக் வெட்டும்போது அந்த மூன்று பேரும் பத்திரமாக வந்து சேர்ந்த கதையைச் சொல்லுவார். எங்களுக்கும் அது அலுக்கவில்லை.

உனக்குப் பதினாலு வயதான அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆண்டு எண்பத்துமூன்று. பொரளைப் பக்கமிருந்து உன் வகுப்புத் தோழி வந்திருந்தாள். அவள் வெளிக்கிட்டபோது நீ கையைப் பிடித்து, "இன்னும் கொஞ்ச நேரம் நில்லன்" என்றாய். இருட்டிவிட்டது. அவளைக் கொண்டுபோய் வீட்டில் விட்டுவிட்டு வருவதாகச் சொல்லி அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டார். தோழி வீடு போய்ச் சேர்ந்தாள். அப்பா வரவில்லை. அன்றிரவு பொரளையில் தமிழருக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் மறுநாள் எங்கள் ஒழுங்கைக்கும் வந்தது. அப்பாவை நாங்கள் அதற்குப் பிறகு காணவேயில்லை.

அம்மா உன்னை ஒரு வார்த்தை ஏசியதில்லை. ஏசியிருந்தால் நீயும் திருப்பிக் கதைத்திருப்பாய், அழுது முடித்திருப்பாய். அம்மா செய்தது வேறு. உன் பிறந்தநாளை நட்சத்திரத்துக்கு மாற்றினா. ஆடி அனுஷத்தில் கோயிலில் ஒரு அர்ச்சனை, அதோடு சரி. எந்தத் திதியில் அப்பா போனார் என்று ஐயருக்கே சொல்ல முடியாததால், அவருக்கு ஆடி அமாவாசையில் முகத்துவாரத்தில் தர்ப்பணம். இரண்டும் பஞ்சாங்கத்தோடு முன்னும் பின்னும் நகர்ந்தன. இருபத்துநாலாம் திகதிக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை. சுவர்க் கலண்டரில் இருபத்துமூன்றைக் கிழிக்கும்போதே அதையும் சேர்த்துக் கிழித்துவிடுவா. அம்மா போன பிறகு அந்தக் கிழிப்பை நான் செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் செய்தேன்.

நீ மட்டும் விடவில்லை. கொட்டாஞ்சேனையில் வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அன்று காலையில் எனக்கு ஃபோன் எடுப்பாய். "இண்டைக்கு என்ன நடந்ததெண்டு தெரியுமோ?" அதுதான் உன் முதல் வசனம். ஒரு வருடம், மலையுச்சியில் காடு மூடிக் கிடந்த பழைய நகரமொன்றை வெளியுலகத்திலிருந்து ஒருவர் போய்ப் பார்த்த கதை. இன்னொரு வருடம், ஒலிம்பிக்கில் புருசன் ஓட்டத்தில் தங்கம் எடுக்க, கொஞ்ச நேரத்தில் பெண்சாதி ஈட்டி எறிந்து தங்கம் எடுத்த கதை. "ஒரு வீட்டுக்கு ஒரே நாளிலை ரெண்டு தங்கமடி!" என்று உன் வீட்டுக்கே வந்ததுபோலத் துள்ளினாய். கட்டுநாயக்க விமான நிலையம் எரிந்த வருடம் மட்டும் நீ எடுக்கவில்லை. அதுவும் அதே திகதிதான்.

விளையாட்டுப் பைத்தியம் என்று உன்னைக் கேலி செய்திருக்கிறேன். அந்த நாளுக்கு நல்ல கதைகளை அயலவர்களாகத் தேடிக் கொண்டிருந்தாய் என்று எனக்கு விளங்காமலா இருந்தது? விளங்கியது, அக்கா. அதனால்தான் "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்த்துச் சொன்னால் அப்பாவுக்குத் துரோகம் செய்வதுபோல இருந்தது. சொல்லாமல் விட்டதால் உனக்கு என்ன செய்தேன் என்று நான் கேட்டுப் பார்க்கவேயில்லை.

போன வருடம் நீ சொன்னது மரதன் ஓட்டக்காரனின் கதை. நூறு வருடத்துக்கும் முந்திய லண்டன் ஒலிம்பிக். முதலாவதாக மைதானத்துக்குள் வந்தவன், களைப்பில் திசை மாறி ஓடி விழுந்தான். எழுந்தான், திரும்பவும் விழுந்தான். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு மனம் கேட்கவில்லை. தூக்கி நிறுத்திக் கோட்டைத் தாண்ட உதவினார்கள். உதவி வாங்கியதால் அவன் வெற்றி செல்லாது என்று ஆகிவிட்டது.

"பாவம்" என்றேன். "அதோடை முடியேல்லையடி, பிறகு..." என்று நீ தொடங்கினாய். "அக்கா, அடுப்பிலை வேலை. பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. கார்த்திகையில் உன் இதயம் நின்றுவிட்டது. அந்தக் கதையை நீ முடிக்கவேயில்லை.

இந்த வருடம் பஞ்சாங்கமும் என்னைக் கைவிட்டது. ஆடி அமாவாசை நேரே வந்து இருபத்துநாலில் விழுந்தது. கலண்டரைக் கிழித்துத் தப்ப முடியாது. விரதத்தோடு முகத்துவாரம் போனேன். வழக்கம்போல ஐயர்தான் அப்பாவுக்குச் செய்து தந்தார். பக்கத்தில் நீ இல்லை. மீன்பிடி வள்ளங்களைப் பார்த்தபடி ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். எதற்காக என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஃபோன் அடித்தது.

"அம்மா, இண்டைக்கு என்ன நடந்ததெண்டு தெரியுமோ?"

ஆர்த்திதான். நான் அப்படியே மணலில் இருந்துவிட்டேன்.

"உனக்கு ஆர் சொன்னது இப்பிடிக் கேக்கச் சொல்லி?"

"பெரியம்மா எனக்கும் எடுக்கிறவ. உங்களுக்குச் சொன்னா அந்தரப்படுவீங்களாம். மிச்சத்தை எனக்குத்தான் சொல்லுவா." பின்னால் பிள்ளை சிணுங்கியது. "மரதன் ஓடினவரின்ட கதை தெரியுமோ?"

"தெரியும். தூக்கி விட்டவை, அவனுக்கு எல்லாம் போச்சுது. அவ்வளவுதானே."

"இல்லை அம்மா. அடுத்த நாள் அந்த நாட்டு ராணி அவரைக் கூப்பிட்டுத் தன்ட கையாலை ஒரு கிண்ணம் குடுத்தவ. அதைத்தான் பெரியம்மா உங்களுக்குச் சொல்ல வெளிக்கிட்டவவாம். நீங்கள் அடுப்பிலை வேலை எண்டு வைச்சிட்டீங்களாம்."

நான் அழுதேன். ஆர்த்தி விட்டுப் பிடித்தாள், நல்ல பிள்ளை. பிறகு நான், "அமாவாசை எண்டு நான் சொன்னது பொய்" என்றேன்.

"தெரியும் அம்மா" என்றாள்.

அவனைத் தூக்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கா. அம்மாவும் நானும் கெட்டவர்கள் இல்லை. வருடா வருடம் நீ விழுந்துவிடுவாய் என்று பயந்து உன்னை அந்த நாளுக்கு மேலாலே தூக்கிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கினோம். நீயாக அதை ஒரு தடவைகூடக் கடக்க நாங்கள் விடவில்லை.

நேரே கேக் கடைக்குப் போக நினைத்தேன். அன்று விரதம், கேக்கிலோ முட்டை. அதனால் உனக்கும் அடுத்த நாள்தான். காலி வீதிக் கடைக்காரர் சிங்களத்தில், "நோனா, நம மொகத்த லியன்னே?" என்று கேக்கில் எழுதப் பெயர் கேட்டார். சந்திரா என்றேன். என் கையில் பிள்ளைச் சாமான் பையைக் கண்டு, "பபாகெத?" என்று கேட்டார். பாப்பாவுடையது இல்லை, "அக்காகே" என்றேன். எத்தனை மெழுகுதிரி என்று கேட்டபோது ஐம்பத்தாறு என்று சொல்லக் கூச்சப்பட்டு ஒன்று மட்டும் வாங்கினேன். ஆர்த்தி வீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெட்டினோம். அப்பாவின் சந்திரன் கதையை நான் சொன்னேன். நடுவில் பிள்ளை கொட்டாவி விட்டாள்.

எண்பத்துமூன்றிலேயே யாராவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது சொல்கிறேன். அப்பா போனது உன்னால் இல்லை. தோழியை இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொன்னது குற்றம் இல்லை. அவரைக் கொன்றவர்கள் வேறு ஆட்கள். இது உனக்குத் தெரிந்திருக்குமா, தெரியாமலே போனாயா? அதைக் கேட்க எனக்கு இனி வழியில்லை.

அடுத்த வருடம் இருபத்துநாலாம் திகதி வெள்ளிக்கிழமை வருகிறது. மரக்கறி நாள் என்று சாட்டுச் சொல்ல மாட்டேன். முட்டை போடாத கேக் செய்விப்பேன். அன்று காலை ஆர்த்திக்கு நான் ஃபோன் எடுத்து, அந்த நாளில் நடந்த வேறொன்றைப் புதிதாகச் சொல்லுவேன். பிள்ளைக்குக் கதை விளங்கும் வயதில் அவளுக்கும் சொல்லுவேன். எல்லாவற்றுக்கும் முதல், அந்த நாளில் நீ பிறந்தாய் என்று சொல்லுவேன்.

பிறந்தநாள் வாழ்த்துகள், அக்கா.

இத்தனை வருடம் உன் ஃபோனுக்கு "ம்" மட்டும் சொன்ன,
உன் தங்கச்சி
வெள்ளவத்தை