வண்டு விழுந்த அரிசி

அன்பு மகளுக்கு,

ஆய்வுக்கூடம் பூட்டியிருந்த இரண்டு நாளுக்கு நீ நம் கிடங்கில் வைத்திருந்த வண்டுப் புட்டிகளிலிருந்த அரிசியை வெயிலில் கொட்டிக் காயவைத்தது நான்தான். ஒரு வண்டும் மிஞ்சவில்லை. அரிசியில் வண்டைக் கண்டால் கடைக்காரி கை சும்மா இருக்காது.

உன் பட்டமே அந்த வண்டுகளை நம்பித்தான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. நேற்றிலிருந்து நீ கதவைத் திறக்கவில்லை.

இன்று காலை உன் பேராசிரியரைப் பார்த்தேன். "நாளைக்கு உயிர் வண்டோட வரச் சொல்லுங்க. ஆராய்ச்சியத் திரும்பச் செய்ய மூணு வாரம் தர்றேன்" என்றார். நம் கடையில் ஏது வண்டு? எதிர்க்கடைக்குப் போனேன்.

"எங்கிட்ட ஏதுக்கா வண்டு?" என்று முறைத்தார் கடைக்காரர்.

"எல்லாம் தெரியும், எடுங்க தம்பி."

உன் அறை வாசலில் வண்டரிசி மூட்டை இருக்கிறது. பத்துக் கிலோ, முதல் தர அரிசி விலை கொடுத்தேன்; எந்தக் கடைச் சரக்கென்று மூச்சு விடக் கூடாது என்று பேச்சு.

உன் அம்மா