அறிமுகமில்லாத அண்ணன்

பிப்ரவரி 4, புதன்

மெக்கானிக் கடைக்கு மேலே இருக்கும் அறையில் காலைப் பயிற்சி. கீழே யாரோ சைலன்ஸரைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் தட்டலையே தாளமாக வைத்துக்கொண்டு ஆடினேன். முட்டி இன்றைக்குப் பரவாயில்லை.

மதியம் போன். மண்டலக் கலைஞர் சந்திப்புக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சுற்றுவட்ட ஊர்களில் ஆடுகிறவர்கள், நடிக்கிறவர்கள், வாசிக்கிறவர்கள், அரங்கம் நடத்துகிறவர்கள் எல்லாரும் மூன்று நாள் ஓரிடத்தில் கூடுவார்கள். இதுவரை ஒருவரையொருவர் அறியாத கலைஞர்களை ஜோடி சேர்த்துவிடுவதுதான் நோக்கமாம். அதில் ஒரு ஜோடிக்குப் புதிய படைப்பு செய்ய நிதியுதவி, பிறகு வரிசையாகப் பல ஊர் மேடைகள். கிடைத்தால் ஜிம்மில் உடம்பு குறைக்க வருகிறவர்களை ஆட்டிவைக்கும் வேலையை விட்டுவிடலாம்.

அண்ணனுக்கு மட்டும் சொன்னேன். "போய் அசத்திட்டு வா" என்றான். குரலில் ஏதோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

பிப்ரவரி 18, புதன்

கை கூசுகிறது. ஆனால் இன்றே எழுதாவிட்டால் நாளைக்கு என் வசதிக்கு வேறு மாதிரி நினைவு வைத்துக்கொள்வேன்.

முதல் நாள். எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை. டீ மேஜை அருகே அரங்கக்காரரைப் பிடித்துவிட்டேன். பக்கத்து ஊரில் பெரிய அரங்கம் நடத்துகிறவர், தேர்வுக் குழுவிலும் இருக்கிறார். என் ஆட்டத்தைப் பற்றி உண்மையான அக்கறையுடன் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று வாசல் பக்கம் பார்த்து, "கடை வாசல்ல பலூன் குடுக்கிறவங்களையெல்லாம் கூப்பிட்டிருக்காங்க போல" என்று சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன்.

அண்ணன் கட்டைக்கால் கட்டி நடக்கிறவன். கடை திறப்பு, பொருட்காட்சி, பிறந்தநாள் என்று எங்கே கூப்பிட்டாலும் போவான். அந்தப் பளபளக்கும் மஞ்சள் சட்டையிலேயே வந்திருந்தான். கட்டைகளைப் போர்வையில் சுற்றித் தோளில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். கையைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார் அரங்கக்காரர்.

"இல்லயே, தெரியாது."

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமல் வந்தது என்பதுதான் இன்னும் கேவலம். அவன் இரண்டடி தள்ளி நின்றிருந்தான். கேட்டுவிட்டான். தூக்கிய கையை இறக்கி, அப்படியே கும்பிட்டான்.

"வணக்கம் மேடம். நான் கட்டைக்கால்ல நடக்கிறவன். நீங்க?"

என் அண்ணனிடம் என் பெயரைச் சொன்னேன். எங்கள் இரண்டு பேர் அட்டையிலும் பெயருக்கு முன்னால் ஒரே எழுத்து, அப்பாவின் எழுத்து. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு தண்ணீர்க் குழாயருகே அவனைத் தனியாகப் பிடித்தேன். ஒரு மின்சாமான் கடை வாசலில் இவன் நடப்பதைப் பார்த்துச் சந்திப்பின் ஒருங்கிணைப்பாளர் அம்மாவே நேரில் அழைத்தாராம். என்னிடம் சொல்லாமல் வந்து நின்று ஆச்சரியப்படுத்த நினைத்தானாம். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "விடு. இங்க உனக்கு வேலை ஆகணும். நான் யாரா இருந்தா என்ன" என்றான். கோபமே இல்லை. கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று ஜோடி சேர்த்தார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மா என்னையும் அவனையும் காட்டி, "தரையில ஆடுறவங்க, உயரத்துல நடக்கிறவர், சேர்ந்தா எப்படியிருக்கும்?" என்றார். எல்லார் முன்னாலும் எப்படி மறுப்பது?

"எங்க இருந்து ஆரம்பிக்கலாம் மேடம்?" என்றான். குத்தலே இல்லாமல் கேட்டான்.

ஆடினோம். அவன் கால்களுக்கு நடுவே ஓடினேன், உருண்டேன், கட்டையைப் பிடித்துத் தொற்றினேன். அவன் எடை மாற்றுவதற்கு முன்னால் இடது தோள் கொஞ்சம் இறங்கும். எனக்கு அது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். பார்க்காமலே நகர்ந்தேன். அவனும் பார்க்காமலே குனிந்து என்னைத் தூக்கினான். இவ்வளவு நன்றாக நான் ஆடியதே இல்லை.

முடிந்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அரங்கக்காரர்தான் பேசினார். "நேத்துவரைக்கும் இவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்ல. இந்தச் சந்திப்பு எதுக்குன்னு கேக்கிறவங்களுக்கு இதைக் காட்டுங்க."

அண்ணன் குனிந்து கட்டைகளின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவிழ்க்க அவ்வளவு நேரம் ஆகாது.

பிப்ரவரி 20, வெள்ளி

நிதியுதவி எங்களுக்குத்தான். மேடையில் கூப்பிட்டுச் சொன்னார்கள். வாயைத் திறந்திருக்கலாம். மைக் என் கையில்தான் இருந்தது. நன்றி சொன்னேன்.

பிப்ரவரி 21, சனி

அண்ணி இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

எத்தனை நாள் ஒளிவது? அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி தையல் மிஷினில் அண்ணனுக்குப் புதிதாக நீளக் கால்சட்டை தைத்துக்கொண்டிருந்தார். துணி கூடம் முழுக்க ஓடியது. அதன்மேல் மிதிக்காமல் நடக்கச் சொல்லி மகளை விரட்டினார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

"அண்ணன் தங்கச்சின்னு தெரிஞ்சதும் எல்லாரும் என்ன சொன்னாங்க?"

அவன் இவரிடம் சொல்லவே இல்லை.

அடுப்பருகே நின்றவன் திரும்பாமலே, "அசந்து போயிட்டாங்க" என்றான். என்னைக் காப்பாற்ற மனைவியிடம் பொய். நான் தலையாட்டினேன். கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஜிம் வேலையை விட்டாயிற்று. ஒத்திகை நன்றாகப் போகிறது. இப்படி எழுதவே வெட்கமாயிருக்கிறது. யாரும் இல்லாதபோதும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறான். வேண்டாமே என்றேன். "பழகலைன்னா ஆள் இருக்கும்போது நாக்கு வழுக்கிடும்" என்கிறான்.

மார்ச் 17, செவ்வாய்

சந்திப்புக்காரர்கள் படம் எடுக்க ஆள் அனுப்பியிருந்தார்கள். முதல்முறை சந்தித்தபோது என்ன தோன்றியது என்று கேமராவுக்கு முன்னால் எங்களைக் கேட்டார்கள். நான் ஏதோ உளறினேன். அண்ணன் சொன்னான். "பெரிய கலைஞர், நம்மகிட்டல்லாம் பேசுவாங்களான்னு தோணுச்சு. ஆனா பேசினாங்க."

படமெடுத்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பும் படத்தில் இருக்கும்.

மார்ச் 27, வெள்ளி

ஏன் கேட்டேன்? ஏன் கேட்டுத் தொலைச்சேன்?

அடுத்த வாரம் சந்திப்புக்காரர்களுக்கு முன்னோட்டம் காட்ட வேண்டும். அண்ணியும் மகளும் வருவதாக இருந்தது. குழந்தை என்னைப் பார்த்ததும் 'அத்தை' என்று ஓடிவரும். ஒரு வாரமாக அதே நினைப்பு. இன்று ஒத்திகை முடிந்ததும் சுற்றிவளைத்து, முன்னோட்டத்துக்கு மட்டும் அவர்கள் வரவேண்டாமே என்றேன்.

அண்ணன் கட்டைகளின் வாரை அவிழ்த்து முடித்தான். அப்புறம் சொன்னான்.

"என்னைத் தெரியாதுன்ன. சரின்னு இருந்துட்டேன். அவளையும் புள்ளையையும் தெரியாதுன்னு நான் சொல்லணுமா? அது என்னால ஆகாதும்மா."

கட்டைகளைப் போர்வையில் சுற்றினான். கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்றான். படியில் அவன் இறங்குவது கேட்டது. கட்டை சுவரில் இடித்து இடித்து இறங்கினான்.

அவனைப் பார்த்து நான் வெட்கப்பட்டதற்கு அரங்கக்காரர் தலையில் இத்தனை நாள் பழியைப் போட்டு வந்திருக்கிறேன். இன்றைக்கு இங்கே அரங்கக்காரர் இல்லையே. நான் மட்டும்தானே இருந்தேன்.

மார்ச் 28, சனி

ஒருங்கிணைப்பாளர் அம்மாவின் அலுவலகம். சனிக்கிழமையும் வந்திருந்தார். சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"கூப்பிட்டதுக்கப்புறம் போன்ல பேசறப்பல்லாம், என் தங்கச்சியும் வருவா, என்னைவிடப் பெரிய ஆளுன்னு சொல்லிட்டே இருந்தாரு. பேரு மட்டும் சொல்லல, வந்து காட்டறேன்னாரு. முதல் நாள் சாயங்காலம் எங்கய்யா உங்க தங்கச்சின்னு கேட்டேன். அவளால வரமுடியலைன்னாரு."

நான் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அறிமுகமில்லாதவர்களுக்கென்று வைத்த உதவி இது, தேர்வுக் குழுவிடம் நானே வந்து சொல்ல வேண்டும் என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

நீள மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர். சொல்லி முடித்தேன். அரங்கக்காரரின் முகம் சிவந்துவிட்டது.

"அன்னைக்கு நான் அவரைப் பத்தி அப்படிப் பேசினதாலயா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். பாதிப் பாரத்தை அவரே எடுத்துக்கொண்டிருப்பார். அதற்குத் தயாராகத்தான் கேட்டார்.

"இல்ல சார். உங்களுக்கு முன்னாடியே எனக்கு அப்படித்தான் இருந்துச்சு."

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வெளியே வந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

முடிவு வந்தது. என்னை நீக்கிவிட்டார்கள். அண்ணனை விடவில்லை. தானும் பொய்யில் பங்கு என்று சொல்லி விலகிக்கொள்ளப் பார்த்தானாம். ஒருங்கிணைப்பாளர் அம்மா பிடிவாதமாக நின்று, சந்திப்புக்கு வந்திருந்த முகமூடி நடிகரோடு அவனைச் சேர்த்துவிட்டாராம். நிஜமாகவே ஒருவரையொருவர் தெரியாதவர்கள்.

நான் திங்கள் முதல் மறுபடி ஜிம்முக்குப் போகிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டார். கடைசியில், "சாப்பிட்டுட்டுப் போ" என்றார். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே வரவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

அண்ணன் போன் செய்தான். ஒரு மாதத்தில் முதல் தடவை. முகமூடி நடிகர் இரண்டு முறை மோதி விழுந்துவிட்டாராம். "என் தோள் எப்ப இறங்குதுன்னு அவருக்குப் பிடிபடல. எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லிக்குடுக்க? நீ வா."

போனேன். மெக்கானிக் கடைக்கு மேலே அதே அறை. மூலையில் நின்று அவருக்குக் காட்டினேன். தோளை, மூச்சை, குதிகால் அழுந்துவதை. நல்ல மனிதர், சீக்கிரம் பிடித்துக்கொண்டார். அண்ணன் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. 'இங்க வந்து பாரு', 'இப்ப சரியா', அவ்வளவுதான். போகும்போது, முதல் நிகழ்ச்சிக்கு அண்ணியும் குழந்தையும் தனியாக பஸ்ஸில் வருகிறார்கள், கூடப் போய்விடு என்றான்.

மே 9, சனி

பஸ் ஸ்டாண்டில் அண்ணி எனக்கு முன்பே வந்திருந்தார். குழந்தை மட்டும் அத்தை என்று ஓடிவந்தது. பஸ்ஸில் ஏறியதும் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்து, பக்கத்து இருக்கையில் துணிப்பையை வைத்துக்கொண்டார். அண்ணனின் நீளக் கால்சட்டை உள்ளே இருந்தது. கசங்கக்கூடாது, அது நியாயம்தான். நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

ஊர் எல்லை தாண்டியது. கண்டக்டர் வந்து எத்தனை டிக்கெட் என்று கேட்டார். அண்ணி என்னைப் பார்க்காமலே, எங்க மூணு பேருக்கும் என்றார். மேம்பாலத்தில் வண்டி குலுங்கியது. அண்ணி பையை எடுத்துக் காலடியில் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உட்கார்ந்தேன்.