வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மரக்காணம்,
புதன்கிழமை, 6.8.2025

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீ காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் ஆரம்பித்தால் அம்மா அழுகிறாள், நீ கோபப்படுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் அரை மணியில் ஊர் முழுக்கக் கேட்கும். அதனால் லாரிக்கார மோகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளை சாயங்காலம் உப்பு ஏற்றிக்கொண்டு தாம்பரம் வழியாகத்தான் போகிறான். வெள்ளிக்கிழமை காலை உன் பள்ளிக்கூட வாசலில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீ ஊருக்கு வராதே.

காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன். உப்புப் பாத்தித் தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி என்று பார்த்து நோட்டில் எழுதியே பழகிய கை இது. வரிசையாக எழுதினால்தான் எனக்கு வரும். உனக்குத் தெரிந்தவையும் இதில் இருக்கும், பொறுத்துக்கொள்.

நம் ஊரில் அந்தப் படத்தை எடுத்தது 1987 பங்குனியில், பதினொரு நாள். சுப்ராயன் முதலாளி தம் பாத்திகளையும் உப்புக் கொட்டகையையும் கொடுத்தார். உப்புக் குவியலுக்குப் பூசை போடும் காட்சிக்கு நம் அம்மன் கோயில் பூசாரியையே கூப்பிட்டு, நிஜமாகவே தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி எடுத்தார்கள். அந்த வருஷம் உப்பு நன்றாக விளைந்தது. அடுத்த ஆடியில் கோயில் திடலில் திரை கட்டி அந்தப் படத்தைப் போட்டார்கள். அந்த வருஷமும் விளைந்தது. அதிலிருந்து, கூழ் ஊற்றின மறுநாள் 'நம்ம ஊர்ப் படம்' போடுவது அம்மனுக்குச் செலுத்துகிற கடன் மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு வருஷம் மெஷின் பழுதாகிப் போடவில்லை. அந்த மார்கழியில் புயல் வந்தது. படம் போடுகிற வழக்கமே இல்லாத ஊர்களையும்தான் அந்தப் புயல் அடித்தது. ஆனாலும் நம் ஊரில் காரணம் அதுதான் என்று முடிவாகிவிட்டது.

படத்தில் அந்தப் பூசை இரண்டு நிமிஷம். மிச்சம் இரண்டரை மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்பதை நீ இணையத்தில் எழுதியிருக்கிறாய். முதலாளி மகன் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்ணைக் கொட்டகைக்குள் இழுத்துப் போகிறான். அவனுடைய கையாள் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஆடுகிற கதவில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். பஞ்சாயத்து கூடி அவனையே அவளுக்குக் கட்டிவைக்கிறது. அவள் அவன் காலில் விழுகிறாள். இன்றைக்கு யாராவது இப்படி ஒரு படம் எடுத்தால் தியேட்டர் வாசலில் மக்கள் விடுவார்களா, பிறகு எப்படிச் சாமி பேரைச் சொல்லி வருஷா வருஷம் குழந்தைகளை முன்வரிசையில் உட்காரவைத்து இதைக் காட்டுகிறோம் என்று கேட்டிருக்கிறாய். உன் வகுப்புப் பையன்கள் சிலர் கூடப் படிக்கிற பெண்ணை அறைக்குள் வைத்துத் தாழ் போட்டுவிட்டு, போனில் மீமாகச் சுற்றுகிற அந்தச் சிரிப்பை ஓடவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். அப்படிச் சிரிப்பவர் என் அப்பா என்றும் எழுதியிருக்கிறாய்.

அதில் ஒரு வரியும் பொய் இல்லை.

நீ எழுதினது போன வெள்ளிக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் இங்கே மழை. ஒரு மணி நேரம் விடாமல் பெய்தது. வாராமல் கிடந்த உப்பு பாத்தியிலேயே கரைந்துபோயிற்று. தார்ப்பாய் மூடாத குவியல்கள் பாதியாகிவிட்டன. ஆடியில் மழை புதிது அல்ல. எந்தெந்த வருஷம் எந்தெந்த நாள் என்று என் நோட்டில் இருக்கிறது. உன் எழுத்தால்தான் மழை என்கிறவர்களில் யாரிடம் போய் அதைக் காட்டுவது?

திங்கட்கிழமை சுப்ராயன் முதலாளியின் மகன் அறிவழகன் வீட்டுக்கு வந்தார். இந்த வருஷம் திருவிழாக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். கூட ஆறேழு பேர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உன் எழுத்தைப் போனில் காட்டி, "அண்ணே, பொண்ண நல்லா வளத்திருக்கீங்க. ஊரு சோத்துல மண்ணள்ளிப் போடறதுக்கா படிக்க வெச்சீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். சனிக்கிழமை வந்து திரைக்கு முன்னால் நிற்கப் போவதாக நீ கடைசியில் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார். பின்னால் நின்றவர்களில் ஒருவன், "டீச்சரு வரட்டும்ணே, நிக்கட்டும். நம்ம ஊர்லதான் கொட்டா இருக்குது, கதவு இருக்குது, தாப்பா போட ஆளும் இருக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அறிவழகன் சிரிக்கவில்லை. அவனை அடக்கவும் இல்லை.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நீ பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்ன நடக்கும் என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சிரிப்பு என் குரல் இல்லை, பாப்பா. சென்னையில் யாரோ கொடுத்த குரல். நான் வாயை மட்டும்தான் திறந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள். வராதே.

வியாழக்கிழமை

நேற்று எழுதினதை இங்கேயே முடித்து மோகனிடம் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். இன்று காலை நடந்ததைச் சொல்லாமல் அனுப்ப முடியாது.

ஐந்து மணிக்கு உப்பளத்துக்குக் கிளம்பினேன். கதவு திறக்கவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும் என்று நினைத்து இழுத்தேன். அசையவில்லை. சந்து வழியாகப் பார்த்தேன். வெளிப்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டு, அதில் ஒரு குச்சியையும் செருகியிருந்தார்கள். நம் வீட்டுக்குப் பின்கதவு இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

கதவைத் தட்டினேன். "யாருப்பா அது, தெறங்க" என்று குரல் கொடுத்தேன். தெருவில் ஆள் நிற்பது தெரிந்தது. பதிலுக்கு அந்தச் சிரிப்பு வந்தது. போனில் ஓடவிட்டிருந்தார்கள். முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து வந்தது. நான் தட்டத் தட்ட அது வந்துகொண்டே இருந்தது. அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "என்னங்க, அது நீங்கதானேங்க" என்றாள்.

குரல் என்னுடையது இல்லை என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

பத்து நிமிஷம் இருக்கும். ஆட்கள் போய்விட்டார்கள். எதிர்வீட்டு ஞானாம்பாள் தண்ணீர் பிடிக்க வந்தவள் குச்சியை எடுத்துத் திறந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமலே குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பூவிழி, உள்ளே நின்ற அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு ஒன்று விளங்கியது. விளங்கியது என்று சொல்வதும் பொய்தான். முப்பத்தெட்டு வருஷமாகத் தெரிந்ததுதான். அதை உனக்கு எழுதுகிறேன். உன் அம்மாவுக்கும் இன்றைக்குத்தான் சொன்னேன்.

அந்தக் காட்சியில் கொட்டகைக்குள் போனது படத்தில் நடித்த பெண் இல்லை. அவர் முகம் தெரியும் காட்சிகளை முடித்துக்கொண்டு முந்தின நாளே போய்விட்டார். உள்ளே ஓடுகிற முதுகும் கதவைத் தட்டுகிற கையும் நம் ஊர்ப் பெண்ணுடையவை. ஆராயி என்று பெயர். இருபத்திரண்டு வயது. எங்களோடு உப்பு வாரிக்கொண்டிருந்தவள். ஓடிப் போய் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். உள்ளே நடிகர் அவளைப் பிடித்து ரவிக்கையைக் கிழிப்பார் என்பதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பயம் நிஜமாக வராது என்று டைரக்டர் எங்கள் எதிரிலேயே சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

நான் தாழ்ப்பாள் போட்டேன். அவள் கதவைத் தட்டினாள். "கன்னியப்பாண்ணே, தெறண்ணே" என்று என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் தடவை எடுத்த அந்தக் கை படத்தில் வரும் இடத்தில் மேளம் சேர்த்திருக்கிறார்கள். அதனால் உங்கள் யாருக்கும் கேட்டதில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைரக்டர் கட் சொன்னார். கதவைத் திறந்ததும் அவள் வெளியே ஓடி வந்தாள். சுப்ராயன் முதலாளி அங்கேயே நின்றிருந்தார். "போம்மா, ஒரு நிமிஷ வேல, ஊருக்குப் பேரு" என்றார். அவர் பாத்தியில்தானே அவள் வேலை பார்க்க வேண்டும். மறுபடியும் உள்ளே போனாள். மறுபடியும் என்னால் சிரிக்க முடியவில்லை, வாய் கோணிக்கொண்டது. மூன்றாவது தடவை சிரித்துவிட்டேன். மூன்றாவது தடவை அவள் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. கதவு ஆட வேண்டும் என்பதற்காக உள்ளேயிருந்து ஒரு ஆளை விட்டு ஆட்டச் சொன்னார்கள்.

ஊர் வருஷா வருஷம் விசில் அடிப்பது அந்த மூன்றாவது தடவைக்குத்தான்.

நான் முதல் தடவையே சிரித்திருந்தால் அவள் ஒரு தடவையோடு தப்பித்திருப்பாள் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் என் கையில்தான் இருந்தது என்பதை நினைக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

அவளைக் கட்டுவதாக இருந்த அத்தை மகன் மறுத்துவிட்டான். அந்த வருஷக் கடைசியில் கீழ்புத்துப்பட்டுக்கு ஒருவருக்கு இரண்டாந்தாரமாகப் போனாள். பழைய ஆட்களுக்கு எல்லாம் தெரியும். பேச மாட்டார்கள்.

இன்று பத்து மணி பஸ்ஸில் கீழ்புத்துப்பட்டுக்குப் போய்வந்தேன். ஈசிஆர் ஓரத்தில் இளநீர்க் கடை வைத்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். மாதா மாதம் டிவியிலோ போனிலோ என் முகம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டுதானே இருக்கிறது. வெட்டின இளநீரை வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டு, "உம் பொண்ணு எழுதினத மருமவ படிச்சிக் காட்டினா. நல்லாத்தான் எழுதியிருக்குது. நீ எதுக்கு வந்த?" என்றாள். வண்டிக்காரரிடம் காசை வாங்கிப் போட்டுக்கொண்டாள். "சனிக்கெழம படம் போடறாங்களா?" என்றாள். போடுகிறார்கள் என்றேன். "அப்ப போயி முன்னால உக்காந்து சிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த இளநீரைச் சீவ ஆரம்பித்தாள்.

நான் அங்கேயே நின்றேன். படம் ஆரம்பிக்கும் முன் மைக்கில் நடந்ததைச் சொல்லப்போவதாகச் சொன்னேன். அந்த நிமிஷம் வரை அப்படி ஒரு எண்ணம் எனக்கு இருந்ததா என்றே தெரியவில்லை. அவள் அரிவாளைக் கீழே வைத்தாள். "எம் பேரச் சொல்லாத. உம் பேரச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

ஆகவே அவள் பெயரை நீயும் எங்கும் எழுதாதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னிடமே வைத்துக்கொள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் பெரியவர்களுக்குப் பொன்னாடை போடுவார்கள். வருஷா வருஷம் எனக்கும் ஒன்று போட்டு, 'கதவு கன்னியப்பன்' என்று கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுப்பார்கள். நான் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்ட வேண்டும். இவ்வளவு நடந்தும் இந்த வருஷப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை. நான் சிரித்துவிட்டால் உன் எழுத்துக்கு அதுவே பதில் என்று அறிவழகன் நினைக்கிறார். மைக் என் கைக்கு வரும். எவ்வளவு நேரம் இருக்கும் என்று தெரியாது. அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மனதில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் மறைக்கவில்லை. திடலில் அன்றைக்கு எத்தனை பேர் குடித்திருப்பார்கள் என்பது தெரியும். அதற்குப் பிறகு மழை ஒரு தூறல் போட்டாலும் பழி யார்மேல் விழும் என்பதும் தெரியும். அம்மாவை நாளைக்கே வானூரில் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அவளுக்குச் சனிக்கிழமை எட்டு மணிக்கு மேல் போன் செய். என் போன் என்னிடம் இருக்காது, எடுக்கவில்லை என்று பதறாதே.

நேற்று வராதே என்று எழுதினது ஊருக்குப் பயந்து. இன்றும் வராதே என்றுதான் எழுதுகிறேன். நீ திரைக்கு முன்னால் நின்றால் ஊர் உன்னைத்தான் பார்க்கும். நான் மறுபடியும் ஓரமாக நின்றுவிடுவேன். என்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடத்தை அன்று ஒரு நாள் எனக்கு விட்டுக்கொடு. ஞாயிற்றுக்கிழமை வா. நான் எங்கே இருந்தாலும் அங்கே வா.

மத்தியானம் வந்ததும் நம் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். திருகாணி துரு ஏறிப் போயிருந்தது, உளி வைத்துத்தான் எடுக்க முடிந்தது. நான்கு துளையும் அப்படியே இருக்கின்றன. இனி வெளியே போனால் எப்படிப் பூட்டுவது என்று அம்மா கேட்கிறாள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மோகன் ஹாரன் அடிக்கிறான். நன்றாகச் சாப்பிடு. அந்த வகுப்புப் பெண்ணிடம் பேசு, அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ எழுதவில்லை. நீ எந்த ஊரில், எந்த வீட்டில் இருந்தாலும் அதன் கதவு உன் கையால் திறக்கும்படி அம்மன் துணை இருக்கட்டும்.

உன் அப்பா
கன்னியப்பன்