வெற்றிலை இல்லாத தட்டு

காளவாசல், மதுரை
3.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். முனீஸ்வரிக்கு ஆவணியில் கல்யாணம். உனக்காகவே முன்கூட்டி அடித்த பத்திரிகையில் மஞ்சள் தடவி அனுப்பியிருக்கிறேன். தாய்மாமன் நீதான் மாலை போட்டு, அவள் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வர வேண்டும். போன் நம்பர் கேட்டால், "சிக்னல் இல்லை, கடிதம் போடு" என்கிறாய். இந்தக் காலத்தில், வெளிநாட்டிலும் அப்படி ஓர் ஊரா? வருகிறாயா என்று எழுது.

உன் தங்கை
முத்துமீனா

ஏரிமுனை
21.4.2024

அன்புத் தங்கச்சி மீனாவுக்கு,

பத்திரிகை வந்தது. ஆனால் தாய்மாமனைத் தபாலில் அழைக்கிற வழக்கம் நம்ம பக்கம் எப்போது வந்தது? நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் மரியாதை. உன் வீட்டுக்காரர், மாப்ள சிவக்குமாருக்குக் காளவாசல் சிக்னலைத் தாண்டவே சோம்பல். கடல்போலக் கிடக்கும் ஏரிக்குள் நீண்டிருக்கிற இந்த முனைக்கு அவர் எங்கே வரப்போகிறார்? செம்புச் சுரங்கங்களை மூடி எத்தனையோ காலமாகிறது. வெயில் காலத்தில் அவற்றைச் சுற்றிப் பார்க்க நாலு பேர் வருவார்கள். அவர்களுக்குக் கதை சொல்வதுதான் இப்போது என் வேலை. மருமகளுக்கு என் ஆசீர்வாதம்.

உக்கிரபாண்டி

மதுரை
6.5.2024

அண்ணே,

என் காதுகுத்துக்கே, "இதெல்லாம் எதுக்கு?" என்று அப்பாவிடம் சண்டை போட்டவன் நீ. திடீரென்று உனக்கு வெற்றிலை பாக்கு எதற்கு? எனக்கு இது சரியாகப் படவில்லை. "உங்க அண்ணே வரமாட்டேன்னு நேராச் சொல்லாம சுத்தி வளைக்கிறாரு. நீ அம்புட்டுத் தூரம் போகாத" என்கிறார் உன் மாப்ள. போன வருஷம் கருத்தரங்குக்கு எடுத்த விசா இன்னும் இருக்கிறது. கல்லூரிக்கும் லீவு. இருபதாம் தேதி வாரேன்.

மீனா

மதுரை
9.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அந்த ஏரித் தண்ணீரை வாயில் விட்டு, உப்பில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டபோது, "கெமிஸ்ட்ரி டீச்சருக்கு அண்ணன் பேச்சுலகூட நம்பிக்கை இல்ல" என்று சிரித்தாய். உண்மைதான், இல்லை.

சுரங்கத்துக்குள் என்னை வேறு ஆளோடு அனுப்பிவிட்டு நீ வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாய். உள்ளே சொட்டிய தண்ணீரில் என் நினைப்பு போகவில்லை. கதை சொல்கிறவன் ஏன் உள்ளே வரவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெற்றிலையை ஏர்போர்ட்டில் பிடுங்கிவிட்டார்கள் என்று வெறும் பாக்கோடு தட்டை நீட்டினேன். "இலைதானே? இரு" என்று வெளியே போனாய். வாசல் மரத்தில் இரண்டு இலை பறிக்க எவ்வளவு நேரம்! ஜன்னல் வழியே பார்த்தேன். பறித்துவிட்டுக் காரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாய். உள்ளே வந்ததும் முகத்தை மாற்றிக்கொண்டாய். தட்டை வாங்கினாய். வெறுந்தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று செம்புக் கட்டி ஒன்றை அதில் வைத்தாய். 'வாரேன்' என்று மட்டும் சொல்லவில்லை.

நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உடம்புக்கு என்ன?

மீனா

ஏரிமுனை
30.6.2024

மீனா,

நுரையீரல்தான். விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ வரமாட்டாய் என்று நம்பித்தான் வெற்றிலை பாக்கு கேட்டேன். முரடி, நீ வந்து நின்றாய். பங்காளி, பகையாளி யாராவது ஒருத்தரை மாமன் முறைக்கு நிறுத்திவிடு. பிள்ளை மேடைக்குத் தனியாக நடக்கக் கூடாது.

அண்ணன்

மதுரை
10.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உன் மாப்ள, மாமன் முறைக்கு ஆள் பார்த்து வைத்திருந்தார். "வேற யாரு கையும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள் உன் மருமகள். நீ கொடுத்த செம்புக் கட்டியைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு, தனியாகவே மேடைக்கு வந்தாள். முன் வரிசையில் ஒரு கிழவி, "மாமன்காரன் எங்கடி?" என்று சத்தமாகக் கேட்டாள். இவள் நின்று, "மாமா மெதுவா வாராரு" என்றாள்.

அங்கே பனி விட்டதும் பெண்ணும் மாப்பிள்ளையும் உன் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். அதுவரை நீ இருக்க வேண்டும்.

நம்பரை அனுப்பு. மூச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்றுதானே சிக்னல் இல்லை என்று சொல்லி நம்பரைத் தரவில்லை? இனி மறைக்க ஒன்றுமில்லை. நீ பேசக்கூட வேண்டாம் அண்ணே. மூச்சு கேட்டால் போதும்.

மீனா